இடுப்பில் கொத்தாகக் கொழுப்புக் கட்டிகள், பயப்பட வேண்டுமா?

கேள்வி:
பன்னிரண்டு வயதிலிருந்தே வலது இடுப்பில் மஞ்சள் சாயலில் மெத்தென்ற சிறு கட்டிகள் கொத்தாக இருக்கின்றன. வலியில்லை. இப்போது 31 வயது. பயாப்சியில் ‘நீவஸ் லிப்போமட்டோசஸ்’ என்று வந்திருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. புற்றுநோயாக மாறிவிடுமா?

பதில் 1:
பயப்படாதீர்கள், இது தீங்கற்றது. எனக்கும் இதேதான். சாதாரணக் கொழுப்புக் கட்டி தோலுக்கு அடியில் இருக்கும். இதில் கொழுப்புச் செல்கள் தோலுக்குள்ளேயே, கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். 1921-இல் ஹாஃப்மன், சுர்ஹெல்லே என்ற இரு தோல் மருத்துவர்கள் விவரித்தது. பெல்ட் உரசிப் புண்ணானதால்தான் நான் வெட்டி எடுத்தேன். ஆறு வருடமாகத் திரும்பவில்லை.

பதில் 2:
தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம். திடீரென வளர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி. எனக்கும் பெல்ட் உரசுகிறது. தையல் ஆற எத்தனை நாள் ஆனது?

பதில் 1:
இரண்டு வாரம். அதுவரை குனிந்து நிமிர்வதுதான் சிரமம்.