42 அங்குலக் கம்பி இருந்தால் கப்பலில் இருந்து ஆள் விழமாட்டானா?

பாம்பன் தென்கரை:
கீழக்கரை மாலுமிக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடும் சொல்) நேற்று இங்கே எழுதியதைப் படித்ததில் இருந்து மனது ஆறவில்லை. "உல்லாசக் கப்பலில் இருந்து எவனும் தவறி விழமாட்டான். விளிம்பில் 42 அங்குல உயரத்துக்குத் தடுப்புக் கம்பி இருக்கிறது. விழுந்தவன் குடித்திருப்பான், இல்லை சாக நினைத்துக் குதித்திருப்பான். கம்பெனி என்ன செய்யும்?" இதுதான் அவர் எழுதியது. 2009 முதல் 2019 வரை உல்லாசக் கப்பல்களில் இருந்து ஆள் கடலில் விழுந்த சம்பவங்கள் 212. பிழைத்தவர்கள் 48 பேர். கப்பல் கம்பெனிகளின் சங்கத்துக்காக எடுத்த கணக்கு இது. அந்த 212 இடத்திலும் கம்பி இல்லையா காக்கா?

கீழக்கரை மாலுமி:
தம்பி, நான் 11 வருடம் கப்பலில் ஓடியவன். நீங்கள் கரையில் நின்று கப்பல் விளக்கைப் பார்த்தவர். 42 அங்குலம் என்றால் மூன்றரை அடி. 2010-ல் அமெரிக்கா சட்டம் போட்டு, அங்கே ஆள் ஏற்றும் கப்பல்களுக்குக் கட்டாயமாக்கிய உயரம். கம்பியில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்தால், நாற்காலி போட்டு ஏறினால் கம்பி என்ன செய்யும்? உங்கள் விசைப்படகில் கம்பி எத்தனை அங்குலம்? முழங்காலுக்கு வருமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

பாம்பன் தென்கரை:
வராது. மறைக்கவில்லை. ராத்திரியில் படகின் பின்பக்கம் ஒண்ணுக்கு நின்றவர் விழுந்திருக்கிறார். என் சித்தப்பா அப்படித்தான் போனார், வாடைக்காலத்தில். ஆனால் படகில் ஆறு பேர்தான். ஒருவர் இல்லை என்பது அஞ்சு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. வாக்கிடாக்கியில் சொன்னதும் பக்கத்துப் படகுக்காரர்கள் வலையை அறுத்துவிட்டு வந்தார்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து மூன்று நாள் தேடினோம். ஊரில் ஒரு படகும் தொழிலுக்குப் போகவில்லை. கிடைக்கவில்லை, அது வேறு.

உங்கள் கப்பலில் என்ன நடக்கிறது? 2022 நவம்பரில் கார்னிவல் வேலர் கப்பலில் இருந்து மெக்சிகோ வளைகுடாவில் ஒருவர் விழுந்தார். ராத்திரி விழுந்தவரைக் காணோம் என்று மறுநாள் மத்தியானம் வீட்டு ஆட்கள் சொல்லித்தான் கப்பலுக்கே தெரியும். 15 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தவரைக் கண்டது வழியில் போன சரக்குக் கப்பல். தூக்கியது கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர். 42 அங்குலக் கம்பி அங்கேயும் இருந்தது.

மண்டபம் டீச்சர்:
தவறி விழுவது, குதிப்பது, காணாமல் போவது மூன்றும் வேறு வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமே? அப்புறம் ஒரு கணக்கு. நிற்கிற மனிதனின் எடை மையம் அவன் உயரத்தில் ஏறக்குறைய 55 சதவீதத்தில் இருக்கும். 42 அங்குலம் 107 சென்டிமீட்டர். ஐந்தரை அடி ஆளுக்குக் கம்பி எடை மையத்துக்கு மேலே இருக்கும், அது போதும். ஆறேகால் அடி ஆளுக்குக் கம்பியும் எடை மையமும் ஏறக்குறைய ஒரே மட்டம். கப்பல் ஆடும்போது அவர் எட்டிப் பார்த்தால் கவிழ வாய்ப்பு இருக்கிறது.

கீழக்கரை மாலுமி:
டீச்சர், ஆறேகால் அடி ஆள் எத்தனை பேர்? 42 அங்குலம் போதும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

மண்டபம் டீச்சர்:
நான் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றி சொல்லாதீர்கள்.

தொண்டி இளசு:
அந்தச் சட்டத்தை முழுசாகப் படித்தீர்களா காக்கா? விழுந்தவரைப் படம் பிடிக்கும் கருவி, அல்லது விழுந்ததைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்று இருக்கிறது. அதுவும் தொழில்நுட்பம் கிடைக்கும் அளவுக்குத்தான். அந்த "அல்லது" என்ற ஒரு சொல்லில் கம்பெனிகள் தப்பிவிட்டன. கேமரா இருந்தால் போதும், அதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஆள் காணாமல் போன பிறகு பழைய பதிவை ஓட்டிப் பார்ப்பார்கள்.

கீழக்கரை மாலுமி:
கடல்பறவை பறந்தால் மணி அடிக்கும், அலை தெறித்தால் மணி அடிக்கும். அப்படிக் கருவியை வைத்து ஒவ்வொரு தடவையும் கப்பலை நிறுத்த முடியுமா? இந்தக் கருவிக்கு உலகத் தரம் வந்ததே 2020-ல்தான், ஐஎஸ்ஓ 21195. எம்.எஸ்.சி. கம்பெனி அதற்கு முன்பே மெராவிலியா கப்பலில் பொருத்தியது. எதுவும் செய்யவில்லை என்று எழுதுவது பொய். ஆள் விழுந்தது தெரிந்தால் வில்லியம்சன் திருப்பம் போட்டு, வந்த தடத்திலேயே கப்பலைத் திருப்புவோம். நீங்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள்.

பாம்பன் தென்கரை:
தெரிந்தால்தானே திருப்புவீர்கள்! 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போகிற கப்பல் ஒரு நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் போய்விடும். பத்து நிமிடம் கழித்துத் தெரிந்தால் ஆறு கிலோமீட்டர். மறுநாள் மத்தியானம் தெரிந்தால் எந்தத் தடத்தில் திருப்புவீர்கள்? 2025 ஜூனில் டிஸ்னி ட்ரீம் கப்பலில் இருந்து ஒரு சின்னப் பெண் விழுந்தாள். அப்பா பின்னாலேயே குதித்தார். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் இரண்டு பேரையும் தூக்கிவிட்டார்கள். பார்த்த ஆள் இருந்ததால் பிழைத்தார்கள். நான் கேட்பது அந்தப் பார்க்கிற கண்ணைத்தான். ஆள் விழுந்ததைச் சொல்ல ஒரு கருவி வைக்கக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் ஏன் இப்படிப் பரிந்து பேசுகிறீர்கள்?

கீழக்கரை மாலுமி:
அந்தப் பெண் கம்பியில் உட்கார்ந்திருந்தாள் என்று அங்கத்திய போலீஸே சொன்னது. நான் சொன்னது சரியாகிவிட்டதா? 42 அங்குலத்தைத் தாண்டி யாரும் தானாக விழவில்லை.

பாம்பன் தென்கரை:
பிள்ளை விழுந்ததில்கூட நீங்கள் ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். இனி உங்களைக் காக்கா என்று கூப்பிட மாட்டேன்.

ராமேஸ்வரம் பழையவர்:
தம்பிமார்களே, என் அப்பா தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்கு இர்வின் கப்பலில் போனவர். விளிம்பில் யாராவது சாய்ந்தால் ஒரு லஸ்கர் (கப்பல் வேலையாள்) வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவாராம். கருவி எல்லாம் எதற்கு? ஆள் போட்டால் போதும்.

கீழக்கரை மாலுமி:
ஐயா, அது இர்வினா, கோஷனா? போன தடவை கோஷன் என்று எழுதியிருந்தீர்கள்.

ராமேஸ்வரம் பழையவர்:
இரண்டு கப்பலும்தான் ஓடின. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. என் அப்பா எதில் ஏறினார் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தொண்டி இளசு:
பெரியவரை இப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

கீழக்கரை மாலுமி:
மரியாதையை நீங்கள் பேச வேண்டாம். கச்சத்தீவுத் திருவிழா பற்றிய பேச்சில் என்னைப் பற்றி எழுதியதை இன்னும் நீக்கவில்லை நீங்கள்.

தொண்டி இளசு:
அதில் எழுதியது உண்மை. நீக்க மாட்டேன்.

மண்டபம் டீச்சர்:
செத்தவர்களின் குடும்பத்தைப் பற்றி யாராவது பேசுங்களேன். நடுக்கடல் சாவுக்கு அமெரிக்காவில் 1920-ல் போட்ட சட்டம்தான் இன்னும். இறந்தவரின் வருமானத்தால் வந்துகொண்டிருந்த பண இழப்பை வைத்துத்தான் ஈடு. வேலைக்குப் போகாத ஒரு கிழவி விழுந்து செத்தால் அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. துக்கத்துக்கு அதில் இடமே இல்லை.

பாம்பன் தென்கரை:
டீச்சர் சொன்னதைப் படித்தீர்களா மாலுமி? இதற்காவது பதில் சொல்லுங்கள்.

கீழக்கரை மாலுமி:
அது சட்டக்காரர்கள் வேலை. நான் சொன்னது கம்பியைப் பற்றி. 42 அங்குலம் உங்கள் நெஞ்சுக்கு வருகிறதா, இடுப்புக்கு வருகிறதா? அளந்துவிட்டுப் பேசுங்கள்.

பாம்பன் தென்கரை:
அளப்போம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு பாம்பன் சாலைப் பாலத்துக்கு வாருங்கள். ரயில் போவதைப் பார்க்க எவ்வளவு பேர் எட்டிப் பார்க்கிறார்கள் என்று காட்டுகிறேன். இன்ச் டேப் நான் கொண்டுவருகிறேன்.

கீழக்கரை மாலுமி:
பாலமும் கப்பலும் ஒன்றா? பாலம் ஆடுமா?

பாம்பன் தென்கரை:
கப்பல் ஆடும் என்று இப்போதுதான் ஒத்துக்கொள்கிறீர்கள்.

கீழக்கரை மாலுமி:
எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. 42 அங்குலம்.