பெட்டூனியா விதை: முதல் தடவை முளைக்கவில்லை, இரண்டாம் தடவை முளைத்துச் சாய்ந்துவிட்டது

மஞ்சக்குப்பம் மாடி, அக்டோபர் 13

வணக்கம். கடலூர். செம்பருத்தி, மல்லி, கீரை எல்லாம் மாடியில் நன்றாக வருகிறது. இந்த வருடம் தொங்கும் தொட்டியில் பெட்டூனியா பூச்செடி வைக்க ஆசைப்பட்டு விதை பாக்கெட் வாங்கினேன். மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்று வீட்டுக்குள்ளேயே முளைக்கவிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரம் 30 விதை. கத்தரி நாற்றுக்குச் செய்வதுபோல மேலே அரை விரல் கனத்துக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) தூவினேன். பதினைந்து நாள் ஆகியும் ஒன்றும் இல்லை.

25ஆம் தேதி மறுபடி 30. இந்த முறை மூடவில்லை. விதைத் தட்டுக்கு அடியில் சூடு வேண்டும் என்று ஒரு வெளிநாட்டு வீடியோவில் சொன்னார்கள். அதனால் பிரிட்ஜ் மேல் வைத்து, ஸ்வீட் டப்பா மூடியால் மூடினேன். ஒரு வாரத்தில் இருபது முளைத்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம் நூல் மாதிரி நீண்டுகொண்டே போய், ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நகத்தால் கிள்ளினாற்போல ஒடுங்கி, தண்ணீர் கோத்தது போல் இருக்கிறது. காலையில் ஐந்து, சாயங்காலத்துக்குள் மீதியும்.

பாக்கெட்டில் இன்னும் 40 இருக்கிறது. பொங்கலுக்குப் பூ பார்க்க முடியுமா?

திண்ணைத்தோட்டம், லாஸ்பேட்டை

அக்கா, மார்கழியில் நர்சரிக்குப் போனால் மொட்டோடு செடியே கிடைக்கும். ஏன் இந்தப் பாடு?

மஞ்சக்குப்பம் மாடி

தம்பி, அது தெரியும். விதையிலிருந்து வரவைக்க வேண்டும் என்பதுதான் ஆசையே.

நாற்றுக்காரன், வில்லியனூர்

அம்மா, ஒன்று கேட்கிறேன். உங்கள் விதை தூள் மாதிரி இருக்கிறதா, சின்ன உருண்டையாக இருக்கிறதா?

மஞ்சக்குப்பம் மாடி

உருண்டைதான் சார். கடுகை விடச் சின்னது, வெள்ளையாக. ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன்.

நாற்றுக்காரன், வில்லியனூர்

அது விதையே இல்லை அம்மா, விதையின் மேல் பூசிய களிமண் உறை. உள்ளே இருப்பது மூக்குப்பொடி மாதிரி. ஒரு கிராமில் சுமார் பத்தாயிரம் இருக்கும். கைக்குப் பிடிபட வேண்டும் என்றுதான் உறை போட்டு விற்கிறார்கள். அந்த உறை முழுக்க நனைந்து கரைய வேண்டும். பாதி நனைந்து காய்ந்தால் இறுகிப்போய் விதை உள்ளேயே செத்துவிடும்.

உங்கள் முதல் தடவைக்கு வேறு காரணமும் இருக்கிறது. பெட்டூனியா முளைக்க வெளிச்சம் வேண்டும். கத்தரியும் அதுவும் ஒரே குடும்பம்தான், ஆனால் கத்தரி விதையைப் போல இதைப் புதைக்கக் கூடாது. ஈரக் கோகோபீட்டின் மேல் வைத்து, விரல் நுனியால் லேசாக அமுக்கினால் போதும்.

இரண்டாம் தடவை வந்தது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை வேலை. அதற்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்: சூடு, மூடி, ஈரம், வெளிச்சக் குறைவு. அந்த வீடியோக்காரர்கள் வெளியே பனி கொட்டும்போது வீட்டுக்குள் விதைக்கிறவர்கள்; அவர்களுக்கு அடிச்சூடு தேவை. விதைக்கு வேண்டியது 22லிருந்து 25 டிகிரி. கடலூரில் அக்டோபர் ராத்திரியே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். நாம் உள்ளே வைப்பது குளிருக்காக இல்லை, மழைக்காக. பிரிட்ஜ் மேலிருந்து முதலில் இறக்குங்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், உப்பு போகட்டும். மண்புழு உரம் இப்போது வேண்டாம். பழைய தக்காளித் தொட்டி மண் கூடவே கூடாது. உருண்டையை எடுக்க ஊதுபத்திக் குச்சியின் அடி நுனியை நனைத்துத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும், வைத்த இடத்தில் விட்டுவிடும். உறை பிளந்து கரைகிற வரைக்கும் தெளிப்பானால் பனி போல் அடியுங்கள். முளைக்கிற வரை மூடி இருக்கட்டும், பச்சை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் மேலே தண்ணீர் விடாதீர்கள். தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, அரை மணி கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கடலோர போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. இப்போதுதான் மழை இருக்கிறதே, ஒரு குடம் பிடித்து வையுங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னலை நம்பாதீர்கள். ஐப்பசி மூட்டத்தில் ஜன்னல் ஓரமும் இருட்டுதான். ஒரு வெள்ளை எல்.இ.டி. பட்டி விளக்கை நாற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டி, 14 மணி நேரம் எரியவிடுங்கள்.

திண்ணைத்தோட்டம், லாஸ்பேட்டை

கரண்ட் இருந்தால்! பட்டைத் தூள் தூவினால் பூஞ்சை வராது என்கிறார்களே, சார்?

நாற்றுக்காரன், வில்லியனூர்

தூவுங்கள், வாசனையாக இருக்கும். நான் நம்புவது சின்ன மின்விசிறிக் காற்றையும் காய்ந்த மேல்மண்ணையும்தான். ஒன்றிரண்டு சாய ஆரம்பித்தால் அவற்றைச் சுற்றிய கோகோபீட்டோடு கரண்டியில் அள்ளிப் போட்டுவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மீதிக்கு ஊற்றலாம். சாய்ந்தது எழுந்திருக்காது.

பொங்கல் பற்றிக் கேட்டீர்கள். விதைத்துப் பூக்க பத்திலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இந்த வாரமே போட்டால் பொங்கலுக்கு நாலு பூ எட்டிப் பார்க்கலாம். தொட்டி நிறைந்து வழிவது மாசியில். பங்குனி வெயிலில் வாடத் தொடங்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

புதுநகர்வாசி, கடலூர்

தொங்கும் தொட்டி என்பதால் ஒரு வார்த்தை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் என் மாடித் தொட்டிகள் எல்லாம் எதிர்வீட்டுக் கொல்லையில் கிடந்தன. எச்சரிக்கை வந்தால் கொக்கியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் மாடி, நவம்பர் 17

சார், அக்டோபர் 18இல் நாற்பதும் போட்டேன். 31 முளைத்தன. மூடியை அன்றே எடுத்தேன். நடுவில் ஒரு மூலையில் மூன்று சாய்ந்தன, கரண்டியால் அள்ளிவிட்டேன், பரவவில்லை. இப்போது 28 இருக்கின்றன, குட்டையாக, நாலு இலையோடு. விளக்கு என் பேரன் புத்தக அலமாரியில் கட்டிக் கொடுத்தது. கரண்ட் போன இரண்டு நாளும் பால்கனியில் வைத்தேன்.

ஒரே சந்தேகம். இலையைத் தொட்டால் பிசுபிசு என்று விரலில் ஒட்டுகிறது. அசுவினி வந்துவிட்டதா?

நாற்றுக்காரன், வில்லியனூர்

இலைக்கு அடியில் பாருங்கள் அம்மா. பூச்சி இல்லையென்றால் அது பெட்டூனியாவின் சுபாவம். இலை முழுக்கப் பிசின் சுரக்கும் மெல்லிய முடிகள் இருக்கும். வேர் கோகோபீட்டைப் பிடித்துக்கொண்டதும் ஒவ்வொன்றாகச் சின்னக் கப்புக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள். ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும். கிள்ளினால் பூ ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும். பொங்கலுக்கே வேண்டுமென்றால் நாலைந்து செடியை மட்டும் கிள்ளாமல் விட்டுவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் மாடி

பூச்சி இல்லை சார். ஐந்து செடிக்கு அடியில் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டேன்.