ஏ மைனர் வாசித்தால் சி மேஜர் போலக் கேட்கிறது. மூன்றாம் கம்பியில் விரலும் தடுக்குகிறது

புதுவிரல்:
மூன்று மாதங்களாக கிடாரில் ஏ நேச்சுரல் மைனர் ஸ்கேல் பழகி வருகிறேன். நான் வாசிப்பது ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தின் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) தொடங்கும் வடிவம். தடித்த ஆறாம் கம்பியில் 5, 7, 8. ஐந்தாவதில் 5, 7, 8. நான்காவதில் 5, 7. மூன்றாவதில் 4, 5, 7. இரண்டாவதில் 5, 6, 8. மெல்லிய முதல் கம்பியில் 5, 7, 8. மொத்தம் 17 ஸ்வரங்கள். எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

முதல் சிக்கல்: நான்காம் கம்பியின் 7 முடிந்து மூன்றாம் கம்பியின் 4-க்குப் போகிற இடத்தில் கை ஒரு கணம் திகைத்து நின்றுவிடுகிறது. தாளக் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில், ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம் என்றால் சமாளிக்கிறேன். இரண்டு ஸ்வரம் என்றதும் ஓட்டம் அங்கேயே அறுந்துபோகிறது.

இரண்டாவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. உருக்கமாக ஒலிக்க வேண்டிய ஸ்கேல், என் கையில் பளிச்சென்று சி மேஜராகவே கேட்கிறது. ட்யூனரை வைத்துச் சுருதியைச் சரிபார்த்துவிட்டேன். ஒரு ஸ்வரம்கூட தவறவில்லை. எங்கே பிசகுகிறேன்?

ஆறுகம்பி:
மேலே ஏறி எந்த ஸ்வரத்தில் நிறுத்துகிறீர்கள்?

புதுவிரல்:
முதல் கம்பியின் 8-இல். அங்கே இரண்டு தட்டு நின்றுவிட்டு, பிறகு இறங்குகிறேன்.

ஆறுகம்பி:
காரணம் அங்கேயே இருக்கிறது. அந்த எட்டாம் ஃபிரெட்தான் சி.

ஏ மைனருக்கும் சி மேஜருக்கும் அதே ஏழு ஸ்வரங்கள்தான். எது ஆதார ஸ்வரம் என்பதை, நாம் எங்கே நின்று இளைப்பாறுகிறோம் என்பதை வைத்துத்தான் காது பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் உச்சியில் சி-யைப் பிடித்து நிற்கிறீர்கள். இந்த வடிவம் முதல் கம்பியின் 8 வரை போவது கைக்கு எட்டுகிற ஸ்வரங்களையெல்லாம் காட்டுவதற்காகத்தான். ஸ்கேல் அங்கே முடிகிறது என்று பொருளில்லை.

இந்த வடிவத்தில் ஏ மூன்று இடங்களில் இருக்கிறது: ஆறாம் கம்பியின் 5, நான்காம் கம்பியின் 7, முதல் கம்பியின் 5. முதலில் இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொடப் பழகுங்கள்.

பிறகு, சில நாட்களுக்கு 17 ஸ்வரங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு எட்டு ஸ்வரங்களை மட்டும் வாசியுங்கள். விரல் வைக்காத ஐந்தாம் கம்பியை ஒருமுறை மீட்டி, ஒலிக்க விடுங்கள். அதுவும் ஏ தான். அது அடங்குவதற்குள் நான்காம் கம்பியின் 7, மூன்றாவதின் 4, 5, 7, இரண்டாவதின் 5, 6, 8, முதல் கம்பியின் 5. அங்கே நின்று, அதே வழியில் இறங்குங்கள். கீழே கம்பி ஒலித்துக்கொண்டே இருக்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் அதனுடன் எப்படி உரசுகிறது என்று கேளுங்கள். ஐந்தாம் கம்பியின்மீது விரல் பட்டு ஒலி நின்றுபோனால் மறுபடியும் தொடங்குங்கள். உங்களுக்குத் தடுக்கும் இடமும் இந்த எட்டுக்குள்ளேயே வருகிறது.

நிஷாதம்:
கர்நாடக இசை கொஞ்சம் கேட்டிருந்தால் இது சட்டென்று பிடிபடும். சி மேஜர் ஸ்வரங்கள் 29-ஆம் மேளமான, அதாவது தாய் ராகமான, சங்கராபரணம். அதன் தைவதத்தை (த) ஷட்ஜமாக (ஸ) வைத்துக்கொண்டால் 20-ஆம் மேளமான நடபைரவி பிறக்கிறது. உங்கள் ஏ மைனர் அதுதான். இதைக் கிரக பேதம் என்பார்கள். ஒரு ஸ்வரமும் இடம் மாறவில்லை, ஷட்ஜம் மட்டும் மாறியிருக்கிறது. ஆறுகம்பி சொன்ன ஐந்தாம் கம்பி உங்களுக்குத் தம்பூரா.

இன்னொன்றும் செய்து பாருங்கள்: ஸ ரி க ம என்று பாடிக்கொண்டே வாசியுங்கள். மூன்றாம் கம்பியின் 5-ஐத் தொடும்போது வாய் 'க' என்று சொல்ல வேண்டும். 'சாதாரண காந்தாரம்' என்று பெயர் கொண்ட அந்த 'க'-வில்தான் மைனரின் உருக்கம் இருக்கிறது. அதை அவசரமாகக் கடந்து போகாதீர்கள்.

பழையபிக்:
விரல் தடுக்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதுவரை ஆள்காட்டி விரல் ஐந்தாம் ஃபிரெட்டில் குடியிருந்தது. மூன்றாம் கம்பிக்கு வந்ததும் அது ஒரு ஃபிரெட் பின்னால் வர வேண்டும்; இரண்டாம் கம்பிக்குப் போனதும் மறுபடியும் ஐந்துக்குத் திரும்ப வேண்டும். பலரும் இங்கே கையை முழுதாகத் தூக்கி இடம் மாற்றிவிடுகிறார்கள். கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறம், நடுவிரலுக்கு நேர் எதிரே வைத்து, அங்கிருந்து நகர்த்தாதீர்கள். மணிக்கட்டு லேசாகத் திரும்பினாலே ஆள்காட்டி விரல் 4-க்கு வந்துவிடும்.

நான்காம் கம்பியின் 7-க்கு மோதிர விரல். மூன்றாம் கம்பியில் 4-க்கு ஆள்காட்டி, 5-க்கு நடுவிரல், 7-க்குச் சுண்டுவிரல். மோதிர விரல் 7-ஐ அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஆள்காட்டி விரல் 4-இன் மேலே போய்க் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் முன்னும் பின்னுமாக இருபது முறை வாசியுங்கள். பிக்கையும் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கவனியுங்கள்: ஆறாம் கம்பியிலிருந்து கீழ், மேல் என்று மாற்றி மாற்றி அடித்து வந்தால் அந்த 7 மேல் அடியிலும், அடுத்த 4 கீழ் அடியிலும் விழும். இரண்டையும் கீழ் அடியாகவே அடித்தாலும் கை அங்கே தயங்கும்.

புதுவிரல்:
ஒன்பது நாட்கள் கழித்து எழுதுகிறேன். நேற்று இரவு ஐந்தாம் கம்பியை ஒலிக்க விட்டு மூன்றாம் கம்பியின் 5-இல் நின்றேன். முதல்முறையாக அது சோகமாகக் கேட்டது. அதே ஃபிரெட், அதே விரல். நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பிக் விஷயத்தில் பழையபிக் சொன்னதுதான் நடந்திருக்கிறது, இரண்டையும் கீழ் அடியாகவே அடித்திருக்கிறேன். இப்போது 60-இல் தட்டுக்கு இரண்டு ஸ்வரம் அறுபடாமல் வருகிறது.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. சில பாடங்களில் இரண்டாம் கம்பியில் 8-க்குப் பதில் 9 என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா?

நிஷாதம்:
பிழையில்லை. 8 என்பது ஜி, 9 என்பது ஜி ஷார்ப். அப்படி மாற்றினால் ஹார்மோனிக் மைனர். நமக்குக் கீரவாணி, 21-ஆம் மேளம். தாழ்ந்த 'நி'யான கைசிகி நிஷாதம் போய், உயர்ந்த 'நி'யான காகலி நிஷாதம் வருகிறது. பின்னணியில் இ மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒலிக்கும்போது இதை வாசித்துப் பாருங்கள். அந்தக் கார்டுக்குள்ளேயே ஜி ஷார்ப் இருக்கிறது. 9-இல் நின்றால், ஏ-க்குப் போய்ச் சேரும்வரை காது அமைதி அடையாது.

பழையபிக்:
6-இலிருந்து 9-க்கு நடுவிரலும் சுண்டுவிரலும் நன்றாக விரிய வேண்டியிருக்கும். வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.