சர்வமதக் கூட்டம் வைக்கச் சொல்கிறார்கள், மேடை போடாமல் என்ன செய்யலாம்?

அரியாலை நிலா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்துக்கு இந்த வருசம் நான்தான் செயலாளர். வேறு ஒருவரும் கை உயர்த்தாததால் வந்த பதவி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெப்ரவரி முதல் கிழமையை ஐநா உலக மதநல்லிணக்க வாரமாக வைத்திருக்கிறது. ஜோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லா முன்வைத்த யோசனை, 2010 இல் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. அதையொட்டி ஏதாவது செய்தால் ஒரு சின்னத் தொகை தருவதாக வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சங்கத்து ஆக்கள் சொல்லியிருக்கிறார்கள். 'அன்பு, கருணை, சமாதானம்' என்று பனர் அடிக்க வேண்டுமாம். படமும் அனுப்ப வேண்டுமாம்.

நான் பார்த்த சர்வமத நிகழ்ச்சி எல்லாம் ஒரே அச்சு. ஐயர், பாதர், மௌலவி, பிக்கு நாலு பேரும் குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரி கொளுத்துவார்கள். ஆளுக்கு ஐந்து நிமிசப் பேச்சு என்று போட்டிருக்கும், முதல் ஆளே இருபது நிமிசம் எடுத்துவிடுவார். எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்பார்கள். பிறகு றோல்ஸ், பிளேன்ரீ. வந்த சனம் தன் தன் ஆக்களோடு இருந்து கதைத்துவிட்டுத் தன் தன் வழியே போய்விடும்.

கரன் ஆம்ஸ்ட்ரோங் முன்னின்று 2009 இல் வெளியிட்ட கருணைக்கான சாசனத்தையும் வாசித்துப் பார்த்தேன். உனக்குச் செய்யக்கூடாது என்று நினைப்பதை மற்றவனுக்குச் செய்யாதே என்பதுதான் அதன் சாரம். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை அரியாலையில் ஒரு ஞாயிறு பின்னேரம் எப்படிச் செய்வது? கையில் கொஞ்சக் காசு, பதினைந்து பெடியள் பெட்டையள், ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. யோசனை சொல்லுங்கள்.

இன்னொன்று. தையிட்டியில் தமிழ்ச் சனத்தின் காணியில் விகாரை கட்டிய பிரச்சினை சூடாக இருக்கிற நேரத்தில் பிக்கு ஒருவரைக் கூப்பிடுவதா விடுவதா என்று நிர்வாகத்தில் இரண்டு கட்சி.

கடற்கரை வீதி:

தங்கச்சி, முதலில் திகதியைப் பாருங்கள். முதல் கிழமை என்றால் நடுவில் பெப்ரவரி 4 வரும். சுதந்திர தினத்தை ஒட்டி யாழ்ப்பாணத்தில் 'சமாதானம்' என்று பனர் கட்டினால் இரண்டு பக்கத்தாலும் பேச்சு வாங்குவீர்கள். ஞாயிறு நல்லது. வெள்ளி வைத்தால் சைவர்களுக்கு மச்சம் இல்லை, முஸ்லிம்களுக்கு ஜும்மா. ஞாயிறு காலை வேதக்காரர் எங்களுக்குத் தேவாலயத்தில் பூசை. ஆகவே பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து மஃரிப்புக்கு முன் வையுங்கள். இதைக்கூடப் பார்க்காமல் நல்லிணக்கம் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற கலப்பைக் கவனியுங்கள். மடு மாதா கோயிலுக்கு ஆவணியில் போகிற சனத்தில் எத்தனை பேர் நெற்றியில் திருநீற்றோடு போகிறார்கள்? 1995 ஜூலை 9 நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து நூற்றுக்கு மேல் செத்தார்கள். அங்கே ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாரும் வேதக்காரர் இல்லை. குண்டுக்குப் பயந்து ஓடி வந்த சனத்திடம் ஒருவரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை.

என் யோசனை: சிரமதானம். ஒரு நாள் எங்கள் சேமக்காலை, ஒரு நாள் முஸ்லிம்களின் மையவாடி, ஒரு நாள் சைவர்களின் சுடலை. மூன்றிலும் நாயுருவியும் பற்றையும் ஒரே மாதிரித்தான் முளைத்திருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் பங்குத் தந்தையிடமும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிக்குவைக் கூப்பிடுங்கள். ஆரியகுளத்தடி நாக விகாரை யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. ஆனால் மேடையில் இருத்தி மாலை போடக் கூப்பிட வேண்டாம். மண்வெட்டியோடு வரச் சொல்லுங்கள். வந்தால் வரட்டும்.

அரியாலை நிலா:

அண்ணை, நல்ல யோசனைதான். ஆனால் எங்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். சுடலைக்கு வரக்கூடாது என்று அம்மம்மாவே வாசலில் நிற்பார். மையவாடிக்கும் சரிவராது என்கிறார்கள். கடைசியில் பெடியள் வேலை செய்வார்கள், நாங்கள் தேத்தண்ணீர் ஊற்றுவோம். அதற்கு எதற்குச் செயலாளர்?

பழைய தபால்காரன்:

பிள்ளை, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்தத் திரையில் தட்டுவதும் பேரன் பழக்கியது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இருந்த சோனகதெருவில் கடிதம் கொடுத்தவன். கஸ்தூரியார் வீதியால் திரும்பினால் ஒவ்வொரு வாசலும் தெரியும். எந்த வீட்டில் மகன் ரியாத்தில், எந்த வீட்டில் வழக்கு நடக்கிறது, யாருக்குக் கண் தெரியாது, வாசித்துக் காட்ட வேண்டும், எல்லாம் தெரியும். நோன்பு காலத்தில் பின்னேரம் போனால் கஞ்சி ஒரு போத்தலில் ஊற்றிச் சைக்கிள் பையில் வைத்துவிடுவார்கள். பொங்கலுக்கு என் வீட்டுப் புக்கை அங்கே போகும். இதற்கு அப்போது நல்லிணக்கம் என்று பேர் இல்லை. நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம்.

1990 ஒக்ரோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று புலிகள் இயக்கம் கட்டளை. நகை, காசு, பத்திரம் எல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள். நான் சந்தியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கடிதம் கொடுத்த ஆக்கள் எனக்கு முன்னால் நடந்து போனார்கள். ஒருவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பயம். பயம் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடுமா, தெரியாது.

அந்த வருசம் சண்டை தொடங்கிய பிறகு தபால் ஒழுங்காக வருவதில்லை. வரும்போது கட்டாக வரும். சில மாதம் கழித்து வந்த ஒரு கட்டில் சோனகதெருக் கடிதங்கள் இருந்தன. வெளிநாட்டில் இருந்த ஆம்பிளைகளுக்கு இங்கே நடந்தது தெரியாது போல, மனைவி பேருக்கு எழுதியிருக்கிறார்கள். கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று எனக்குத் தெரியும். விலாசதாரர் இல்லாவிட்டால் காரணம் எழுதித் திருப்ப வேண்டும், அதுதான் முறை. ஒவ்வொரு உறையிலும் எழுதினேன், 'போய்விட்டார்'.

அவர்கள் போகவில்லை. அனுப்பினார்கள். அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஐந்து வருசம் கழித்து, அதே ஒக்ரோபர் 30, 1995. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நாவற்குழிப் பக்கம் பாதை அசையவில்லை. அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டினேன். அப்போதுதான் திகதி நினைவுக்கு வந்தது. இதைத் தண்டனை என்று நான் சொல்ல மாட்டேன், கடவுளை அவ்வளவு சின்ன ஆளாக நினைக்கவில்லை. ஆனால் சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு மனுசி தன் மாட்டுக் கொட்டிலைக் கூட்டித் துடைத்துத் தந்தபோது, நான் செய்யாமல் விட்டது என்ன என்று விளங்கியது.

2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்த பிறகு வீடு பார்க்க ஆக்கள் வந்தார்கள். ஒரு நாள் என் படலையில் ஒரு தையல்காரர். தாடி நரைத்துவிட்டது. "தபால்காரர், எனக்கு ஏதும் கடிதம் வந்ததா?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. மனுசி என்ன சமைப்பது என்று முழுசினார், இறைச்சி சரிவராது. சந்தைக்குப் போய் ஒரு புதுச் சட்டியும் மீனும் வாங்கி வந்து ஒடியற்கூழ் காய்ச்சினார். மூன்று பேரும் கிணற்றடியில் இருந்து பனையோலைப் பிளாவில் குடித்தோம். 90 பற்றி ஒரு சொல் இல்லை. போகும்போது மட்டும், "நீங்கள் அன்றைக்குச் சந்தியில் நின்றதைக் கண்டேன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை.

ஆகவே மேடை வேண்டாம் பிள்ளை. யாரோடு இருந்து சாப்பிட வேண்டும் என்று பாருங்கள்.

சோனகதெரு மகள்:

தபால்காரர் ஐயா, உங்கள் பதிவை வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வாப்பா எழும்பி வெளியே போய்விட்டார். கோபம் இல்லை, அவருக்கு அப்படித்தான்.

நான் பிறந்தது, வெளியேற்றப்பட்ட எங்கள் ஆக்கள் இருந்த புத்தளம் முகாமில். அங்கே எங்களை 'அகதி' என்றார்கள். திரும்பி வந்து பதிவுக்கு ஒரு அலுவலகத்துக்குப் போனால் 'புத்தளத்துக்காரர்' என்கிறார்கள். காணி உறுதியில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு விலாசம், தண்ணீர் பில் இன்னொருவர் பேரில். உம்மா ஒவ்வொரு கதவாக ஏறி இறங்குகிறார். வாசிப்பார், ஆனால் படிவத்தைக் கண்டால் கை நடுங்கும்.

நிலா, நீங்கள் கேட்டீர்கள் என்பதால் நேராகச் சொல்கிறேன். எங்களுக்கு வாழ்த்து அட்டை வேண்டாம், 'எங்கள் முஸ்லிம் சகோதரர்கள்' என்ற பேச்சும் வேண்டாம். 2019 ஈஸ்டர் குண்டு வெடிப்புக்குப் பிறகு அந்தச் சகோதரப் பேச்சு எவ்வளவு கெதியாக வற்றியது என்று பார்த்தோம். சந்தையில் உம்மாவின் பையை மட்டும் திறக்கச் சொன்னார்கள். அந்த வரிசையில் பின்னால் நின்ற ஒரு வேதக்கார அக்கா தன் பையையும் திறந்து மேசையில் வைத்தார். ஒருவரும் கேட்கவில்லை, தானாக வைத்தார். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் செத்தது அவருடைய ஆக்கள். அவர்தான் வைத்தார். உம்மா இன்றைக்கும் அவரைப் பற்றித்தான் கதைப்பார், மேடையில் பேசிய ஒருவரின் பேரும் அவருக்கு ஞாபகம் இல்லை.

உங்கள் பெண்பிள்ளைகள் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள்தானே? ஒரு நாள் உம்மாவோடு போய் வரிசையில் நில்லுங்கள். அது போதும்.

ஊர்க்குருவி:

எல்லாம் நல்லது. ஒரு கேள்வி மட்டும். உங்கள் சனசமூக நிலையத்துக்கு உங்கள் ஊரிலேயே எந்த ஒழுங்கை ஆக்கள் வருவதில்லை? மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் விடச் சொல்லி 1968 இல் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் வாசலில் இருந்து போராடியது. வாசல் திறந்தது, கிணறு திறந்தது. கலியாண வீட்டுப் பந்தியில் இன்றைக்கும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். மதம் தாண்டிப் போகிறவர்கள் போகிற வழியில் இந்த ஒழுங்கையையும் தாண்டிவிட்டுப் போகலாமே. குதர்க்கமாகக் கேட்கவில்லை.

கடற்கரை வீதி:

ஊர்க்குருவி எப்போதும் இப்படித்தான், ஆனால் இதில் பிழை பிடிக்க ஏலாது. எங்கள் பக்கமும் சேமக்காலையில் யார் எந்த மூலை என்று ஒரு கதை இருக்கிறது. எழுதினால் பங்கில் பேச்சு வாங்குவேன்.

அரியாலை நிலா:

நிர்வாகக் கூட்டம் நேற்று முடிந்தது. இரண்டரை மணித்தியாலம். ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், பனர் வேண்டாம் என்றதற்கு. வெளிநாட்டு அண்ணைமாருக்கு எழுதினோம், படம் இல்லாமல் காசு தருவதா என்று யோசிக்கிறார்களாம். தராவிட்டாலும் செய்வோம்.

முடிவு இதுதான். பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு. சோனகதெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் மேசை போட்டு, காணி, பதிவு, அடையாள அட்டை என்று யாருக்கு என்ன படிவம் வேண்டுமோ இருந்து நிரப்பிக் கொடுப்போம். சிங்களம் எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த கிழமையில் ஆளுக்கொருவராகக் கூடப் போய் வரிசையில் நிற்போம். ஊர்க்குருவி அண்ணை, நீங்கள் கேட்ட ஒழுங்கைக்கு நானும் தலைவரும் நேரில் போய்ச் சொன்னோம். முதலில் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நாலு பேர் வருகிறோம் என்றார்கள், அதில் ஒருவர் கிராம அலுவலரிடம் வேலை செய்தவர், எங்களைவிட அவருக்குத்தான் படிவம் தெரியும்.

நாக விகாரைக்கும் போனோம். ஒரு இளம் பிக்கு, பேச வேண்டாம், சிங்களக் கடிதங்களைத் தான் வாசித்துத் தருகிறேன் என்றார். தையிட்டி பற்றியும் கேட்டோம். அதைப் பற்றிப் பேசாமல் வெறும் சிரிப்போடு வருவது சரியில்லை என்று அவரே சொன்னார். அதற்கு மேல் அன்றைக்குக் கதைக்கவில்லை.

பின்னேரம் கூழ். காய்ச்சுவது பெடியள். இது தீர்மானமாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டுள்ளது.

சோனகதெரு மகள்:

கூழுக்கு நண்டு போட வேண்டாம், எங்களில் சிலர் சாப்பிட மாட்டார்கள். மீனும் இறாலும் போதும். பலாக்கொட்டை கட்டாயம். முற்றம் எங்கள் வீட்டு முற்றமே இருக்கட்டும், உம்மா சொல்லிவிட்டார்.

தபால்காரர் ஐயா, வாப்பா ஒன்று கேட்கச் சொன்னார். நீங்கள் எழுதிய தையல்காரரின் கடை, சந்தியிலிருந்து மூன்றாவதா?

பழைய தபால்காரன்:

ஓம் பிள்ளை. மூன்றாவது. பச்சைக் கதவு. வாப்பாவுக்கு அவர் யார்?