புதுப்பிப்பு: அண்ணனின் கால் எலும்பு ஏன் கூடவில்லை?

முன்பு எழுதியிருந்தேன்: மோட்டார் விபத்தில் முறிந்த அண்ணனின் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு, கம்பி வைத்தும் மாதக்கணக்கில் கூடவில்லை. கிருமித்தொற்று இல்லை, கம்பியும் ஆடவில்லை. மறுபடியும் ஆப்பரேஷனா என்று கேட்டிருந்தேன். "முதலில் ரத்தம் சோதித்துப் பாருங்கள்" என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பினாங்கிலேயே ஹார்மோன் டாக்டரைப் பார்த்தோம். வைட்டமின் டி லிட்டருக்கு 28 நானோமோல்தான். 50க்குக் கீழே போனாலே குறைபாடு. ரத்தத்தில் கால்சிய அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஏறிக் கிடந்தது. டி குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தத்தில் அளவு இறங்காமல் இருக்க, இந்த ஹார்மோன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். கூட வேண்டிய எலும்பே கடன் கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படிக் கூடும்?

"இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரிலா?" என்றார் அண்ணி. அண்ணனுக்கோ இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். வெயில் எங்கே படும்?

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எலும்பு கூடாததற்கு ஹார்மோன் அல்லது சத்துக் கோளாறு காரணமோ என்ற சந்தேகத்தில் சோதிக்கப்பட்ட 37 பேரில் 31 பேருக்கு அப்படி ஏதோ ஒரு கோளாறு புதிதாகத் தெரியவந்தது. அதனால், காரணம் தெரியாமல் எலும்பு கூடாதவர்களுக்கு எல்லா எலும்பு டாக்டரும் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

மாத்திரை ஓடுகிறது. புது எக்ஸ்ரேயில் முறிவின் ஒரு பக்கம் வெண்மையாகப் புது எலும்பு படர்ந்திருக்கிறது. தைராய்டும் சர்க்கரையும் சரி. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சோதனையின் முடிவு வந்ததும் எழுதுகிறேன்.