பாய்லர் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாமா? அவசரம்!

ஹாரோ_கமலா: வணக்கம். பாய்லரிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீர் வீணாகிறதே என்று வாளி வைத்துப் பிடிக்கிறேன். தினமும் ஒரு சொம்பு சேரும். நான்கு நாளாகக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினேன், இப்போது இலை நுனி கருகுகிறது. குளிரா, தண்ணீரா? ஆறு வருடம் வளர்த்த செடி. சீக்கிரம் சொல்லுங்கள்.

அடையாறு_ரவி: பாய்லர் என்றால் கரி போட்டு எரிப்போமே, அந்தச் செம்பு பாய்லரா அக்கா? அதில் ஏது கழிவுத் தண்ணீர்?

பாலா_லூயிஷம்: தம்பி, ஹாரோ லண்டனில் இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் பாய்லரைச் சொல்கிறார். அக்கா, காஸா, எண்ணெயா? 2005க்கு அப்புறம் வைத்த, புகையிலிருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி வெளியே விடும் வகையா? முக்கியமாக, சொட்டுவது பிளாஸ்டிக் குழாயா, செம்புக் குழாயா?

மண்புழு: குழாய் எதுவானால் என்ன? காஸ் எரியும்போது வரும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது, அவ்வளவுதான். மழைத்தண்ணீர் மாதிரி. நான் இஸ்திரிப் பெட்டிக்கே அதைத்தான் ஊற்றுகிறேன். லண்டன் குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு அதில் கிடையாது.

பழைய_ஃபிட்டர்: இதே கேள்விக்கு ஐந்தாவது முறை எழுதுகிறேன். தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. மண்புழு, உங்கள் இஸ்திரிப் பெட்டிக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். புகையில் இருக்கும் கரியமில வாயுவும் நைட்ரஜன் ஆக்சைடும் அந்தத் தண்ணீரில் கரைகின்றன. அமில அளவான பிஹெச் 3 முதல் 5 வரை இருக்கும், அதாவது நல்ல அமிலம். செம்பை அரித்துவிடும் என்றுதான் பிளாஸ்டிக் குழாயே போடுகிறோம். சாக்கடை வசதி இல்லாத வீட்டில் சுண்ணாம்புக்கல் சில்லு நிரப்பிய குழியில் விடுவோம். செடி கருகாமல் என்ன செய்யும்?

ஈஸ்ட்ஹாம்_சித்தி: புளித்த மோரும் அமிலம்தானே? ஊரில் அம்மா கறிவேப்பிலைக்கு அதைத்தான் ஊற்றுவார். மரம் கூரைக்கு மேலே போனது.

பழைய_ஃபிட்டர்: மோரும் நைட்ரிக் அமிலமும் ஒன்றா?

ஈஸ்ட்ஹாம்_சித்தி: ஒன்று என்று யார் சொன்னது? நீங்கள் ஒரு கறிவேப்பிலைக் கன்றாவது வளர்த்ததுண்டா?

மண்புழு: ஊர் மண்ணுக்கு மோர் சரி. இங்கே வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் ஊற்றினால் நாற்றம், அப்புறம் குட்டி ஈ. அனுபவம்.

ஈஸ்ட்ஹாம்_சித்தி: தண்ணீர் கலக்காமல் ஊற்றியிருப்பீர்கள்.

அடையாறு_ரவி: கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டுப் பாருங்கள். அமிலம் என்றால் சிவக்கும்.

பழைய_ஃபிட்டர்: சிவப்பது சோப்புத் தண்ணீரில். அமிலத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ஊதா முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீரில் சோதியுங்கள், இளஞ்சிவப்பானால் அமிலம்.

பாலா_லூயிஷம்: எந்தக் குழாய் என்று அக்கா இன்னும் சொல்லவில்லை.

ஹாரோ_கமலா: மன்னிக்கவும், வேலைக்குப் போய்விட்டேன். காஸ்தான். செம்புக் குழாய், வெளியே வந்து சுவர்ப் பக்கமே வளைந்திருக்கிறது. பிரஷர் இறங்கிவிடும், இரண்டு நாளுக்கு ஒரு முறை திருகி ஏற்றிக்கொள்வேன். எல்லார் வீட்டிலும் அப்படித்தானே?

பாலா_லூயிஷம்: இல்லை அக்கா! அது புகைத்தண்ணீரே இல்லை. பிரஷர் 3 பார் என்ற அளவைத் தொட்டால் திறந்துவிடும் பாதுகாப்பு வால்வின் குழாய் அது. நீங்கள் ஊற்றியது அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் சுற்றும் தண்ணீர். துருப் பிடிக்காமலிருக்க அதில் மருந்து கலப்பார்கள். இனி ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், தொட்டியை நல்ல தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது பிரஷர் முள் 1க்கும் 1.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஹீட்டிங் போட்டதும் 3 வரை ஏறினால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று போயிருக்கலாம். வால்வே பழுதாகியும் இருக்கலாம். காஸ் வேலை செய்ய அனுமதி பெற்ற, காஸ் சேஃப் பதிவு உள்ளவரைக் கூப்பிடுங்கள். வாளித் தண்ணீர் என்ன நிறம்?

பழைய_ஃபிட்டர்: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஈஸ்ட்ஹாம்_சித்தி: எங்கே சொன்னீர்கள்?

ஹாரோ_கமலா: கறுப்பு. வாளி அழுக்கு என்று நினைத்தேன். ஹீட்டிங் போட்டதும் முள் 2.9. ஆள் வியாழக்கிழமை வருகிறார். நன்றி பாலா.

ஈஸ்ட்ஹாம்_சித்தி: வியாழன் போய் இரண்டு வாரம் ஆகிறது. செடி பிழைத்ததா கமலா?