புதுப்பிப்பு: கரிசலில் தேங்கிய தண்ணீர், ஒரு வருஷம் கழித்து

போன ஐப்பசி அடைமழையில், கோவில்பட்டிப் பக்கம் எங்கள் மக்காச்சோளம் நாலு நாள் தண்ணீரில் நின்று மஞ்சளடித்ததை எழுதியிருந்தேன். மணல் அடி, ஜிப்சம் போடு என்று பலர் சொன்னீர்கள். கரிசலுக்கு எத்தனை லோடு மணல்தான் அடிப்பது! ஜிப்சம் சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான் உதவும்; மண் பரிசோதனையில் சோடியம் அதிகமில்லை என்று வந்ததால் அதுவும் போடவில்லை.

சித்திரையில், நிலம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை விட்டோம். ஒரு அடிக்குள், தண்ணீரை இறங்கவிடாமல் சட்டி மாதிரி இறுகியிருந்த அடுக்கு கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. ஈரத்தில் ஓட்டியிருந்தால் உளி மண்ணை மெழுகிவிட்டுப் போயிருக்கும், டீசல்தான் தண்டம். அப்புறம் சரிவு பார்த்து மூன்றடி அகல மேட்டுப்பாத்தி, இடையில் ஒன்றரை அடி வாய்க்கால்.

போன வாரம் ராத்திரி முழுக்க மழை. மறுநாள் மதியமே வாய்க்கால் வடிந்துவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன்: வேர் வெள்ளையாக இருந்தது, போன வருஷ அழுகல் நாற்றம் இல்லை.

கீழ்மூலையில் மட்டும் இன்னும் முழங்கால் தண்ணீர். அது வெளியேறும் வழியில் பக்கத்து வயல் அண்ணாச்சியின் வரப்பு. ஒரு குழாய் பதிக்கக் கேட்டேன். "மழை விடட்டும், பார்ப்போம்" என்கிறார்.